பட்டினி போட்ட எலும்பு

முள்ளியவளையிலிருந்து வவுனியா போகும் பேருந்தில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நெடிய மனிதர்; இடுப்பெலும்பு காற்சட்டைக்கு மேலாகத் துருத்திக்கொண்டிருந்தது. கனகராயன்குளத்தில் பேருந்து தேத்தண்ணிக்கு நின்றபோது இரண்டு பால்தேத்தண்ணி வாங்கி ஒன்றை அவரிடம் நீட்டினேன். மறுத்துவிட்டுத் தன் போத்தலில் இருந்த தண்ணியைக் குடித்தார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. நான் பாலும் தொடுறேல்லை, கிணத்துத் தண்ணியும் தொடுறேல்லை. இது மழைத்தண்ணி. எங்கட தண்ணியில எவ்வளவு கல்சியம் தெரியுமே?"

இரசாயனம் படிப்பித்தவராம். யுத்தத்தில் பட்ட எறிகணைத் துண்டு இடுப்பில் இருந்ததால், நோவெல்லாம் அதனால்தான் என்று நெடுங்காலம் விட்டுவிட்டாராம். புற்றுநோய் எலும்புவரை போனது பிறகுதான் தெரிந்ததாம்.

"வெளிநாட்டில ரேடியம் ஊசி இருக்காம். கல்சியம், ஸ்ரொன்சியம், பேரியம், ரேடியம் எல்லாம் ஒரே குடும்பம். எலும்பு ரேடியத்தையும் கல்சியமெண்டு நம்பி உள்ள எடுக்கும். அது உள்ளுக்கிருந்து புற்றைச் சுடும். அதுதான் கல்சியம் குடுக்காமல் எலும்பைப் பட்டினி போடுறன்."

"டொக்டர் சொன்னவரே?"

"இல்லை. நானாத்தான்."

"ஊசி எப்ப வருது?"

அவர் போத்தல் மூடியை இறுக்கினார், ஏற்கெனவே இறுகியிருந்ததை.

"இஞ்ச இல்லையாம். அனுப்பினாலும் கன நாள் வைச்சிருக்கேலாது, தன்பாட்டில தேய்ஞ்சுபோம். ஆனா வந்தால், எலும்பு பசியோட இருக்கோணுமெல்லே?"

"ஓம்" என்றேன். என் கையில் இரண்டு தேத்தண்ணியும் ஆறிப்போயிருந்தன.

இப்போதும் தண்ணி கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் படிந்த கல்சிய வெள்ளையைச் சுரண்டும்போது, அந்த எலும்புகள் இன்னும் பசியோடு காத்திருக்கின்றனவா என்று நினைத்துக்கொள்கிறேன்.