படத்துக்கு உட்காராதவர்

பூதலூர் அருகே ஒரு முதியோர் இல்லத்தில், அங்கு வாழ்வோரின் உரிமைகளைக் கவனிக்கும் பணியில் ஓராண்டு இருந்தேன். சன்னலோரக் கட்டில்காரரை அங்குதான் சந்தித்தேன். கறுத்து மெலிந்த உடல். தூங்கும்போதும் தோளைவிட்டு இறங்காத துண்டு. பிறந்தநாள் விருந்து போட வருபவர்கள் கேமராவை எடுத்ததும், பாதிச் சாப்பாட்டில் இலையைவிட்டு எழுந்துவிடுவார்.

காரணம் கேட்டேன். "கூலியில அரைப்படி நெல்லு கூடுதலாக் கேட்டப்பவே மிராசுதார் முன்னால கைகட்டி நிக்கலம்மா. இப்ப ஒருவேளை சோத்துக்குப் பல்லைக் காட்டணுமா?" என்றார்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. விருப்பமில்லாதவர்களைப் படம் எடுக்கக் கூடாது என்று நிர்வாகியிடம் வாதாடி, சாப்பாட்டுக் கூடத்தில் அறிவிப்பு ஒட்டவைத்தேன். அதன்பின் விருந்து போட வருவோர் ஒவ்வொருவராக நின்றுபோயினர்.

"ஒன் வீராப்புல எங்க பாயசம் போச்சுய்யா," என்று அவரிடம் சொன்னார் பக்கத்துக் கட்டில்காரர்.

வெகுநாள் கழித்து ஒரு குடும்பம் விருந்தோடு வந்தது. சன்னலோரக் கட்டில்காரர் முதல் வரிசையில் அமர்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பதறிப்போய் அவரருகே குனிந்தேன்.

"ஐயா, நீங்க படத்துக்கு உட்கார வேண்டியதில்லைங்க."

"தெரியும்மா. நோட்டீஸ நானும் படிச்சேன். கொஞ்சம் தள்ளிக்க, பின்னால இருக்கறவங்கள மறைக்கிற."

நான் விலகி நின்றேன். அவர் மற்றவர்களுக்காக மனமுவந்து விட்டுக்கொடுத்தாரா, என் அறிவிப்புதான் அவரை அந்த வரிசைக்குத் தள்ளியதா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.