ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளாத அண்ணன்

தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் குச்சி ஐஸ் உருகுவதில்லை. ஆகவே முயலை வைத்தாலும் வெயில் அண்டாது. நான்காம் வகுப்பு முழு ஆண்டு விடுமுறையில் நானாகவே கண்டுபிடித்த விஞ்ஞானம் இது.

எங்கள் ஊர் மண்ணூரில் அப்போது தெர்மாகோலுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றிலும் இருந்த கம்பெனிகளில் இயந்திரம் வந்து இறங்கினால் அதன் பெட்டியும் பலகையும் ஊருக்குள் வந்துவிடும். எங்கள் முயல் கூண்டே அந்தப் பலகைதான். முயல்கள் இரண்டு, ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். சோற்றில் முடி விழும் என்று அம்மா அவற்றை வீட்டுக்குள் விடமாட்டாள். பின்பக்கம், கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த ஷீட் போட்ட அறைகளை ஒட்டிக் கூண்டு இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும் இரண்டும் கால்களை நீட்டிப் படுத்து மூச்சு வாங்கின. அப்பா கொண்டுவந்திருந்த தெர்மாகோல் பெட்டியில் காம்பஸால் ஏழெட்டு ஓட்டை போட்டு, இரண்டையும் உள்ளே விட்டு, மூடியையும் போட்டுவிட்டுப் பெருமையாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து திறந்தால், சாம்பல் தள்ளாடி எழுந்தது. வெள்ளை எழவில்லை. காதைத் தொட்டால் சுட்டது. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடியிருக்கும்.

"கத்தாதடி, அவுரு நைட் ஷிப்ட் முட்சிட்டு தூங்கினுகீறாரு" என்று அம்மா ஓடி வருவதற்குள், முதல் அறையில் வாடகைக்கு இருந்த அண்ணன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தென்காசிப் பக்கத்துக்காரர். நான் ஒரு பக்கெட் தண்ணீரை முயல் மேல் கவிழ்க்க இருந்தேன்.

"மேல ஊத்திராத பிள்ள, செத்துப்போயிரும். காதை மட்டும் நனைச்சு விடு."

முருங்கை நிழலில் கிடத்தி, அவருடைய துண்டை நனைத்துக் காதுகளில் ஒற்றினோம். கூண்டைச் சுற்றி ஈரக் கோணி கட்டினார். பிறகு தம் அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, காற்று கோணியில் படுகிற மாதிரி திருப்பி வைத்தார். நான் அழுதபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி சுமாருக்கு வெள்ளை தலையைத் தூக்கி, கிண்ணத்துத் தண்ணீரை நக்கியது. அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையில் தேறியும் நான் அடைந்ததில்லை.

"ஃபேனைக் குட்த்துடுடி, அந்த ஷீட்டு ரூம்ல பகல்ல மனுஷன் எப்டி தூங்குவாரு?" என்றாள் அம்மா.

"பகல்ல முயலுக்கே இருக்கட்டும்க்கா. எனக்கு ஃபேன் காத்து ஒத்துக்கிடாது, மூக்கு ஒழுவும்" என்றார் அண்ணன்.

நான் நம்பினேன். கத்திரி முடியும்வரை தினமும் காலையில், அவர் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும் நேரமாகப் பார்த்து, உரிமையோடு ஃபேனை எடுத்துப் போனேன். கதவைத் திறந்துபோட்டு, நெஞ்சில் ஈரத்துண்டோடு வெறுந்தரையில் படுத்திருப்பார். தென்காசிப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். ஒத்துக்கொள்ளாத ஃபேனைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறாரே என்று பரிதாபப்பட்டதும் உண்டு.

அடுத்த வருடமே அவருக்குக் கல்யாணமாகி, மறைமலை நகரில் வீடு பார்த்தார். பால் காய்ச்சிய அன்று அம்மாவோடு போயிருந்தேன். கூடத்தில் ஒரு ஃபேன், படுக்கையறையில் ஒரு ஃபேன், போதாததற்கு ஜன்னலில் ஏர்கூலர் வேறு.

"காத்து ஒத்துக்காதுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"இப்ப ஒத்துக்கிடுது பிள்ள" என்றார்.

எனக்கு மிகவும் நிம்மதியாக இருந்தது. எந்த டாக்டரிடம் காட்டிக் குணமானது என்று, மண்ணூர் வரும்வரை பஸ்ஸில் அம்மாவை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.