கிரகணத்தின் மேல் போட்ட பழி

சென்ற ஆண்டு, மலேசியாவின் கிள்ளானில் என் அக்கா வீட்டில் நடந்தது. அக்காவின் கைக்குழந்தைக்கு இரண்டு கண்களிலும் பிறவிக் கண்புரை. சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் மூளை பார்க்கவே கற்றுக்கொள்ளாது என்றார் டாக்டர். அக்காவின் மாமியாரோ, நாங்கள் அத்தை என்போம், பரிகாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏழாம் மாசத்துல கிரகணம். வேலைக்குப் போகாதேன்னு சொன்னேன். கேட்டாளா?"

தினமும் இதே பேச்சு. அக்கா பதில் சொல்வதையே விட்டுவிட்டாள்.

நான் ஷா ஆலமில் உயிரியல் படிக்கிறேன். பொறுக்காமல் குறுக்கே புகுந்தேன். கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் ஒரு மரபணு கட்டளையிட, கருவின் மேல்தோல் உள்ளே குழிந்து, சின்னக் குமிழாகப் பிரிந்து கண்ணின் லென்ஸாகிறது; புரை விழுவது அதில்தான். கிரகணத்துக்கு வெகு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. கட்டளையில் எங்கோ சிறு பிழை, அது பரம்பரையாகவும் வரலாம் என்றேன்.

"அப்ப உங்க வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கு. எங்க பக்கம் எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு லா."

கிரகணத்தை விரட்டப்போய் எங்கள் வம்சத்தையே இழுத்துவிட்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனைக்கு அக்கா, அவள் கணவர், அத்தை, நான் எல்லோரும் கோலாலம்பூர் போனோம். நெடுஞ்சாலையில் ஜாம், அப்புறம் கிளினிக்கில் காத்திருப்பு. பிள்ளை அக்காவை விட்டு யாரிடமும் போகவில்லை. மதியத்துக்கு மேல்தான் கூப்பிட்டார்கள்.

பெற்றோரின் கண்களையும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அக்காவின் கண்களில் ஒன்றுமில்லை. அவள் கணவரின் லென்ஸில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. பிறவியிலேயே இருந்தது, பார்வையைக் கெடுக்காததால் தெரியாமல் போயிற்று. டாக்டர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆன்டி, நீங்களும் வந்து இங்க தாடைய வைங்க."

அவருக்கும் அதே புள்ளி.

நான் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அத்தை எழுந்திருக்கவில்லை. கருவியில் தாடையை வைத்தபடியே அழுதார். "என்னாலயா புள்ளைக்கு இப்படி?"

"விடுங்க அத்தே," என்றாள் அக்கா, களைத்த குரலில். "நீங்க என்ன கேட்டா வாங்கிட்டு வந்தீங்க? இவனைக் கொஞ்சம் பிடிங்க, கை மரத்துப்போச்சு."

பிள்ளையை வாங்கிக்கொண்ட அத்தைதான் கேட்டார்: "ஆப்பரேஷன் எப்ப டாக்டர்?"

இப்போது அவன் கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு அத்தையின் மூக்குத்தியைக் குறிபார்த்துப் பிடிக்கிறான். மரபணுவைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் ஆசைதான். ஆனால் வாய் திறக்குமுன், எதிரே இருப்பவரின் கை மரத்துப்போயிருக்கிறதா என்று இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.