அப்பா ரதியாக இருந்த மாசி

அப்பாவின் மீசையை மாமா எடுத்துவிட்ட அன்று லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நின்றார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பாவை முக்காலியில் உட்கார வைத்து, முகமெல்லாம் சவர்க்கார நுரையைப் பூசி, ஒரே இழுப்பில் வலது பக்கத்தை வழித்தெடுத்தார். அப்பா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். போதும், இப்படியே விட்டுவிடு, ஒரு பக்கம் ரதியாகவும் ஒரு பக்கம் மனுசனாகவும் இருந்துகொள்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் சிரித்தேன். அதற்கு முந்திய மாதம் முழுக்க எங்கள் வீட்டில் சிரிக்கிற மாதிரி ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அப்பா குடிப்பார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குடிக்காத அப்பாக்களைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். லிந்துலைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து ஒரு ஏற்றம் ஏறினால் எங்கள் லயம். பஸ் திரும்புகிற இடத்திலேயே சாராயத் தவறணை. தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்துகிற கவ்வாத்து வேலையில் அப்பாவுக்கு நல்ல பெயர் இருந்தது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் குடி கூடிப்போனது. வேலை முடிந்ததும் ஏற்றத்தில் ஏற வேண்டிய மனிதர் இறக்கத்தில் இறங்கிவிடுவார்.

ஒரு சம்பள நாளில் அவரைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள்ளிருந்து தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்கள். உடம்பெல்லாம் சேறு. மறுநாள் காலையில் அம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே, யாருக்கோ சொல்கிற மாதிரி அப்பாவிடம் சொன்னாள்.

“இன்னொரு தடவ இப்படித் தூக்கிட்டு வந்தாங்கன்னா, நான் குவைத்துக்குப் போயிருவேங்க.”

குவைத் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எதிர் லயத்து அக்கா அங்கே வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, அவள் பெற்ற பிள்ளையே அவளைப் பார்த்து அழுதுகொண்டு ஓடியது மட்டும் தெரியும். அன்றிலிருந்து அம்மா தூங்கும்போது அவளுடைய சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன்.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அவர்தான் மாஸ்டர். மாசி பிறந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிவிட்டால் கூத்து முடிகிற வரைக்கும் தப்பு மேளச் சத்தம் ஓயாது. பௌர்ணமியன்று சிவன் காமனை எரிப்பார், ரதி புருசனைப் பறிகொடுத்துப் புலம்புவாள், மூன்றாம் நாள் காமன் எழும்புவான். வேசம் கட்டுகிறவர்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருக்க வேண்டும். கவிச்சி கூடாது, குடி கூடவே கூடாது. வழக்கமாக ரதி வேசம் கட்டுகிற பொடியன் அந்த வருசம் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் ரதி கட்டியவர். அம்மா பக்கத்து டிவிசனிலிருந்து அந்தக் கூத்தைப் பார்க்க வந்தவள். உங்கம்மா காமனைப் பார்க்கவில்லை, ரதியைப் பார்த்துத்தான் மயங்கினாள் என்று மாமா என்னிடம் கேலி பேசுவார்.

இந்த வயதில் தொப்பையோடு ரதியா என்று அப்பா எவ்வளவோ மறுத்தார். குரல் இருக்கிறதே, அது போதும் என்றார் மாமா. அம்மா மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, நெசமாகவே குடியை நிறுத்துவாரா என்று கேட்டாள். நான் அடுப்படியில்தான் இருந்தேன்.

“நமக்காக நிறுத்த மாட்டாருக்கா. சாமிக்காக நிறுத்துவாரு” என்றார் மாமா.

நிறுத்தினார். காப்புக் கட்டிய முதல் வாரம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. கை நடுங்கும், பிளேன்டீ கோப்பைக்கு வெளியேதான் பாதி நிற்கும். அந்தக் குளிரிலும் வேர்த்து ஊற்றும். கவ்வாத்துக் கத்தியைத் தொட வேண்டாம் என்று கங்காணி அவரை விறகு சுமக்கிற வேலைக்கு அனுப்பினார். மாமா தன் வீட்டை விட்டுவிட்டு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அடேயப்பா, அப்புறம் அந்தத் தோட்டம் அப்பாவைப் பார்த்துக்கொண்ட விதம்! வேலை முடிந்தால் அவரோடு யாராவது ஒருவர் ஏற்றத்தில் கூடவே நடந்து வருவார்கள். கீழ் லயத்தில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் விற்கிற அக்கா, சாமி குத்தமாகிவிடும் என்று அப்பா அந்தப் பக்கம் போனாலே கதவைச் சாத்தினாள். ஒரு நாள் கால் பழக்கத்தில் அப்பா தவறணை வாசல் வரை போய்விட்டார். அங்கே இருந்த சிங்கள முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, ரதி நோனாவுக்கு, அதாவது ரதி அம்மணிக்கு, இங்கே என்ன வேலை, போங்க போங்க என்று அனுப்பிவிட்டாராம். அப்பாவே வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். அதற்கு முன்னால் ஒரு நாளும் அவரை யாரும் அந்த வாசலில் மறித்ததில்லை.

மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. கை நடுக்கம் நின்று கத்தி திரும்பக் கைக்கு வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, தோளில் இருக்கிற விறகை இறக்கி வைத்துவிட்டு, ரதி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிடுவார். கோணல் மாணலாகத்தான் பின்னுவார், ஆனாலும் அதோடுதான் பள்ளிக்கூடம் போவேன். குவைத்துப் பேச்சை அம்மா எடுக்கவே இல்லை. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொள்ள மறந்துபோய் நான் தூங்க ஆரம்பித்தேன்.

எனக்கு இருந்த ஒரே குறை வாய்க்கு ருசியாக ஒன்றும் இல்லை என்பதுதான். விரத வீடாயிற்றே, கருவாட்டுத் துண்டு கூடக் கிடையாது. பருப்பு, கீரை, மறுபடியும் பருப்பு. கூத்து முடிந்து காப்பு அவிழ்க்கிற அன்று கோழி அடிப்போம் என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் சிவப்புச் சேவல் வாசலில் திரியும்போதெல்லாம் அது குழம்பாகத்தான் என் கண்ணுக்குத் தெரியும்.

பௌர்ணமிக் கூத்து முடிந்து விடிகிற வேளையில் காமனை எரித்தார்கள். அப்பா அம்மாவின் கலியாணச் சேலையில், சவுரிமுடி விரிந்து கிடக்க, பொட்டலில் உட்கார்ந்து புலம்பல் பாடினார். நீ இருந்த நாளெல்லாம் நான் நானாக இருந்தேனே, இனி என்னை யார் வைத்துக் காப்பார் என்கிற மாதிரி வரும் அந்தப் பாட்டு. பாட்டு முடிந்து தப்பு நின்ற பிறகும் அப்பா நிறுத்தவில்லை. மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். என்னா நடிப்பு, இப்படி ஒரு ரதியைப் பார்த்ததே இல்லை என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான். எங்கள் அப்பா, எங்கள் அப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை காப்பு அவிழ்க்க எல்லோரும் பொட்டலில் கூடிவிட்டார்கள். அப்பாவைக் காணோம். பீலியில் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னை அனுப்பினாள். குழாய் வழியே மலைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா குளித்து, தலை துவட்டி, வேட்டியும் மாற்றிவிட்டுப் பக்கத்துக் கல்லில் சும்மா உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

“அப்பா, வாங்க. எல்லாரும் ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

அவர் எழும்பவில்லை. மணிக்கட்டில் இருந்த காப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இந்தக் காப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு அவுக்காம இருந்தா என்னா பாப்பா?”

என்னைத்தான் கேட்டார். மாமாவைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. நான் பதறிப்போய்விட்டேன்.

“ஐயோ, கோழி அடிச்சாச்சுப்பா.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, அப்படியா, அப்ப வா போவோம் என்று எழும்பினார். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அது இல்லை.

காப்பை மாமாதான் அவிழ்த்தார். அவிழ்த்து, கற்பூரம் காட்டி, வீட்டுக்குக் கூட்டிவந்து பாயில் உட்கார வைத்தார். குழம்பு மணம் லயம் முழுக்க வீசியது. அப்போது மாமா சட்டைக்குள்ளிருந்து ஒரு போத்தலை எடுத்தார். அப்பாவை ஏற்றத்தில் ஏற்றிவிட்டவர்கள், கூடவே நடந்து வந்தவர்கள், எல்லோரும் சுற்றி இருந்தார்கள். முதல் கிளாஸை ஊற்றி அப்பாவிடம்தான் நீட்டினார்.

“இம்புட்டு நாளும் கட்டுப்பாடா இருந்து எங்க மானத்தக் காப்பாத்திட்டீங்க மச்சான். இத நீங்கதான் மொதல்ல குடிக்கணும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றாள். விரதம் முடிந்த வீட்டில், சாமி காரியம் செய்துவிட்டு வந்த ஆம்பளைகளிடம் எதைச் சொல்லி மறிப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் கோழிக் காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ருசி.

மாமாவைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்காள் புருசனுக்காகத் தன் வீட்டை விட்டு வந்து படுத்துக் கிடந்த மனிதர் அவர். கட்டிய நாளிலிருந்து அவிழ்க்கிற நாள் வரைக்கும்தான் அவர் யோசித்து வைத்திருந்தார். மறுநாளைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. கசிப்பு அக்கா கதவைத் திறந்துவிட்டாள். முதலாளியும் கும்பிடுவதை நிறுத்திவிட்டார். பங்குனி முடிவதற்குள் அப்பாவைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கி வந்தவர்களில் மாமாவும் ஒருவர்.

அம்மா சொன்னதைச் செய்தாள். பஸ் திரும்புகிற இடத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையை யாரும் நடிப்பு என்று சொல்லவில்லை. அப்பா அன்றைக்குக் குடிக்காமல் வந்து, அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் புறப்பட்ட பிறகுதான் பையை ஏற்றாதது நினைவுக்கு வந்து, பின்னாலேயே ஓடிப்போய்க் கொடுத்தார்.

அடுத்த மாசியில் மாமா திரும்ப வந்தார், ரதி வேசத்துக்கு ஆள் இல்லை என்று. எனக்கு ஆசை பொங்கியது. அப்பா வேசம் கட்டினால் குடிக்க மாட்டார், அவர் குடிக்காவிட்டால் அம்மா வந்துவிடுவாள். அவ்வளவுதான் என் கணக்கு. அப்பா முடியவே முடியாது என்றார். மாமா கெஞ்சினார், கோபித்துக்கொண்டார்.

“கட்டும்போது ஊரே நிக்குது மாப்ள. அவுத்த பொறகு நான் ஒருத்தன்தானே இருக்கேன்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு, திரும்ப வளர்ந்து அடர்த்தியாகிவிட்ட மீசையைத் தடவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் மாமாவின் போனுக்கு அம்மா பேசினாள். கூத்துக்கு ரதி யார் என்று முதலில் அதைத்தான் கேட்டாள். எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக இருந்தது.

“அப்பா மாட்டேன்னுட்டாரும்மா. அவருக்கு மீசை மேல ஆசை. அத எடுக்க மனசு வரல.”

அம்மா மீசையைப் பற்றி மேலே எதுவும் கேட்காமல், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள்.