அண்ணன் சின்னவளுக்குக் கொடுத்த சீர்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். இதை எழுத வேண்டியவள் எங்கள் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். பேனாவை எடுத்தாலே அழுகை வருகிறது, நீயே எழுதுக்கா என்று என் தலையில் கட்டிவிட்டாள். எனக்கும் அழுகை வரும். ஆனால் அண்ணனையும் சின்னவளையும் சேர்த்து நினைத்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். அண்ணனுக்கு அது நன்றாகவே தெரியும். நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிச் சிரித்தவர் அவர். அதனால் செத்தவர் நினைவு மலர் என்று பூசி மெழுகாமல் உள்ளபடியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு கடைவீட்டின் மாடியறையில். அங்கேதான் நானும் பிறந்தேன், சின்னவளும் பிறந்தாள். பக்கத்துத் தெருவில் வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் தங்கும் கிட்டங்கி ஒன்றில் அப்பா சமையல்காரர். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு வீட்டில் பழைய சோற்றைத் தின்றவர். அவர் மாரடைப்பில் திடீரென்று போனபோது அண்ணன் பள்ளிச் சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு ஃபெரியேறி அக்கரைக்குப் போய், ஜுருவில் கார் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கேயிடம் காடிகளுக்கு ஏர்கோன் மாட்டும் வேலைக்குச் சேர்ந்தார். தவுக்கே திட்டித் திட்டியே தொழிலோடு ஹாக்கியன் மொழியையும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

சம்பள நாளில் அண்ணன் வரும்போது கையில் ஆப்பம் பாலிக் பொட்டலம் இருக்கும். இரண்டு தங்கைகளுக்கும்தான். ஆனால் பொட்டலத்தைச் சின்னவள்தான் பிரிப்பாள். அவள் மொறுமொறுப்பான ஓரத்தைப் பிய்த்துத் தின்றது போக மீதி எனக்கு. "பெரியவ நீ, விட்டுக் குடு" என்று அண்ணன் ஒரு வார்த்தைதான் சொல்வார். நான் விட்டுக்கொடுத்தேன், வயிறெரிந்துகொண்டே.

என் கல்யாணத்தின்போது அண்ணன் இன்னும் கூலிக்காரர்தான். சீட்டுப் பிடித்து எனக்கு ஒரு தங்கச் சங்கிலி செய்து போட்டார். குறை சொல்ல மாட்டேன், கனமான சங்கிலி. சின்னவளின் கல்யாணம் வருவதற்குள் அவர் ஜுருவிலேயே சொந்தப் பட்டறை போட்டு, அதைக் கம்பெனியாகப் பதிய ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கம்பெனிக்கு இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அண்ணிக்குக் கையெழுத்து என்றாலே காய்ச்சல் வரும். அண்ணன் யோசித்தார். நம் வீடுகளில் தங்கைக்குச் சீர் என்றால் நகை, பாத்திரம், கட்டில், பீரோ. அண்ணன் செய்த சீர் எந்த வீட்டிலும் நடந்திருக்காது.

கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் சீர் வரிசையைப் படித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "மணமகளின் தமையனார் தன் கம்பெனியில் பங்கும், டைரக்டர் பதவியும் தங்கைக்குச் சீராக வழங்குகிறார்" என்றார். மண்டபமே கைதட்டியது. மாப்பிள்ளை வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பந்தியில் பாயசத்தைத் தொடவில்லை.

மறுநாளே கேட்டுவிட்டேன். "எனக்குச் சங்கிலி, அவளுக்குக் கம்பெனியாண்ணே?"

"உன் கல்யாணத்தப்ப எங்கிட்ட ஏதுலா கம்பெனி? ஸ்பேனர்தான் இருந்துச்சு. வேணுமா?" என்றார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக்கூடாதா? "சங்கிலிய அடகாச்சும் வைக்கலாம். டைரக்டர எந்தக் கடையில வைக்கிறது?" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். ஆறவில்லை. சின்னவள் வேறு தன் பெயரும் பதவியும் போட்டு அட்டை அடித்து, தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் நீட்டினாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். அவள் பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. கையெழுத்துப் போட மட்டும் போவாள்.

தொழில் நன்றாக ஓடிய காலத்தில் அண்ணனின் கை தாராளமான கை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுவார், மோரில் இஞ்சி போதவில்லை என்று அவரே நின்று கலக்குவார். காசில்லாதவர் காடியைக் கொண்டுவந்தால் "அப்புறம் குடு" என்பார். அந்த அப்புறம் பெரும்பாலும் வராது. அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு இதுதான்: முதலில் வேலைக்காரர் சம்பளம், பிறகு கடை வாடகை, பிறகு மற்றது. அந்த மற்றதில்தான் வரி இருந்தது.

நோய்க்கு ஊரடங்கு போட்ட காலத்தில் பட்டறை மூடிக் கிடந்தது. வரிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை எடுத்து வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டார் அண்ணன். ஒருத்தரையும் நிறுத்தவில்லை. அந்தக் குடும்பத்தார் இன்று இந்த மலரை வாங்க வந்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். திறந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தார். திறந்த பிறகும் முன்னைப் போல் காடிகள் வரவில்லை. கட்டாத வரியின் மேல் அபராதம் ஏறி, அபராதத்தின் மேல் இன்னொன்று ஏறி, கடைசியில் கோர்ட்டுக்குப் போகும் என்ற நிலை வந்தது. அதற்குள் அண்ணனுக்கு இதயத்தில் அடைப்பு இருப்பதையும் கண்டுபிடித்திருந்தார்கள். அலையாமல் இருங்கள், ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சூலியா தெருவில் மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் வரிக்கணக்கு பாயிடம் போனோம். அண்ணன், அண்ணி, சின்னவள், கூப்பிடாமலே நான். பாய் நல்ல மனிதர், சுற்றி வளைக்காதவர்.

"ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒன்னு, மாசா மாசம் கட்டுறோம்னு எழுதிக் கேக்கலாம். வருஷக்கணக்கா இழுக்கும். ஒரு மாசம் தவறுனாலும் மொத்தத்தையும் கேப்பாங்க. இன்னொன்னு, கட்ட முடியலன்னு விட்டா கேஸ் நடந்து உங்கள பேங்க்ரப்ட் ஆக்கிடுவாங்க. வெளிநாடு போக முடியாது, கம்பெனி நடத்த முடியாது. ஆனா தொரத்துறது நிக்கும். நீங்க வீட்ல ஒக்காந்து ஒடம்பப் பாத்துக்கலாம்."

நான் முந்திக்கொண்டேன். "பேங்க்ரப்ட் ஆயிடுங்கண்ணே! நீங்க எந்த வெளிநாட்டுக்குப் போகப் போறீங்க? பக்கத்து நாட்டு ஹாட்யாய் டூருக்குக் கூப்பிட்டாலே ஓடி ஒளியிற ஆளு. போதும்லா இந்த சூசா, இந்த அலைச்சல்."

அண்ணியும் தலையாட்டினார். பாய் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதுல ஒரு சிக்கல் இருக்கு, தங்கச்சி. இது கம்பெனி வரி. ரெண்டு டைரக்டர், ரெண்டு பேருக்கும் பங்கு. தம்பி பேங்க்ரப்ட் ஆகி ஒதுங்கிட்டா, அடுத்து சின்னவங்க கதவத்தான் தட்டுவாங்க. அக்கரையில பத்து காவான்ல வாங்குன வீடு அவங்க பேர்லதான?"

"இப்பவே அவ பேர எடுத்துட்டா?" என்றேன்.

"வரி நின்ன வருஷங்கள்ல அவங்க டைரக்டர்தானம்மா. இப்ப எடுத்து என்ன பிரயோஜனம்?"

சின்னவள் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது கட்டிய புதுச்சேலையின் மடிப்புகூட இன்னும் கலையவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், நல்லவேளை, நமக்குச் சங்கிலியோடு போயிற்று என்று தோன்றியது. அந்த நிம்மதி எத்தனை நேரம் நின்றது? அண்ணன் வாயைத் திறக்கும் வரைக்கும்தான்.

"மாசா மாசம் கட்டுறோம் பாய். எழுதுங்க."

"அண்ணே, வேணாம்ணே" என்று சின்னவள் அழுதாள். "வீடு போனா போவுது. நாங்க வாடகைக்கு இருந்துக்குறோம். நீங்க ஓய்வெடுங்க."

"நீ சும்மா இரு. ஊரறிய மைக்கு வச்சு சீருன்னு குடுத்தேன். அதையே கடனாக்கி ஒன் தலையில எறக்கவா? அதுக்கு நான் அண்ணனா?"

"உங்க ஒடம்பு?" என்றார் அண்ணி.

"அதுவும் மாசா மாசம்தான் ஓடிக்கிட்டிருக்கு. சேந்தே ஓடட்டும்."

பாய் எழுத ஆரம்பித்தார். எனக்கு அண்ணன் மேல் கோபம், உயிரை வைத்து விளையாடுகிறாரே என்று. சின்னவள் மேல் அதைவிட எரிச்சல். ஒருத்திக்காக ஒருவர் தன் ஓய்வையே கொடுக்கிறார், அந்த ஒருத்தி நானில்லை. மாடிப்படி இறங்கும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டேன். "அந்த எடத்துல என் பேர் இருந்திருந்தா, இப்படித்தான் செஞ்சிருப்பீங்களாண்ணே?"

அண்ணன் படியிலேயே நின்று சிரித்தார். "ஒம் பேர் இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. காலர் பிடிச்சு இழுத்துட்டுப்போய் மொத வருஷமே வரி கட்ட வச்சிருப்ப."

கேட்டவர்கள் எல்லாரும் இதை என் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான், யார் இல்லை என்றது? நான் கேட்டது பெருமையையா?

பட்டறையின் பெரிய மெஷின்களை விற்று, கடையைப் பாதியாகக் குறைத்து, நாலு பேர் பார்த்த வேலையை அண்ணன் இரண்டு பேரை வைத்துப் பார்த்தார். தவணை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. போனிலேயே கட்டலாம் என்று பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தும் கேட்காமல், மாதம் ஒரு நாள் ஃபெரியேறி இக்கரைக்கு வந்து, வரி ஆபீஸ் கவுன்டரில்தான் கட்டுவார். கூடச் சின்னவள் வருவாள், இரண்டு பேர் பெயரிலும் உள்ள கடனாயிற்றே. கட்டி முடித்ததும் இருவரும் சூலியா தெருவில் ஒரு பாய் கடையில் உட்கார்ந்து, ரோட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டு, மதியம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பார்களாம். கல்யாணமான பிறகு அண்ணனும் தங்கையும் அப்படிப் பேசியதே இல்லையாம். எல்லாம் சின்னவளே என்னிடம் வந்து சொல்வாள், பெருமூச்சு விட்டுக்கொண்டு. வரி கட்டப் போகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒருத்தி பினாங்கிலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஒருமுறை பொறுக்க மாட்டாமல் நானே அந்தக் கடைக்குப் போய் நின்றேன். அண்ணன் முகம் மலர்ந்து, "வா வா, ஒக்காரு" என்று நாற்காலி இழுத்துப் போட்டார். தே தாரிக் வந்தது, சாப்பிட்டோம், என் மகன் வேலையைப் பற்றி விசாரித்தார். எல்லாம் அன்பாகத்தான். ஆனால் நான் வருவதற்கு முன்னால் எதற்கோ இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சு தொடரவில்லை. விருந்தாளிக்கு நாற்காலி போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அண்ணன் கடைசியாக மருத்துவமனையில் இருந்தது ஒரு வாரத்துக்கும் குறைவு. வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் காடி எப்படி ஓடுகிறது என்று கேட்டார். என்னிடம், "அண்ணிய அடிக்கடி போய்ப் பாரு. நீ போனா வீடு கலகலன்னு இருக்கும்" என்றார். சின்னவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவள் கையை மட்டும் பிடித்திருந்தார். விடியற்காலையில் போய்விட்டார். தவணைகள் இன்னும் பாக்கி இருந்தன.

காரியம் முடிந்ததும் நான் என் சேமநிதிப் பணத்தில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு பாய் ஆபீசுக்குப் போனேன். மிச்சத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று. சின்னவள் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"பாதியாவது நான் கட்டுறேன்" என்றேன்.

"வேணாங்க்கா."

"ஏன், என் பணம் பணமில்லையா? அவரு எனக்கும் அண்ணன்தான்!"

"அது இல்லக்கா. இது அவரு எனக்குக் குடுத்த சீரு. நான்தான் கட்டணும். குடுக்க மாட்டேன்." சின்ன வயதில் பொட்டலத்துக்குக்கூட அவள் அப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை. நானும் விடவில்லை. குரல் ஏறியது, அழுதோம், திட்டினோம். பாய் கதவைச் சாத்திவிட்டு வந்து, "கட்ட மாட்டேன்னுதான் எல்லாரும் இங்க வந்து சண்டை போடுவாங்க. கட்டுறதுக்கு அடிச்சிக்கிற ரெண்டு பேர இப்பத்தான் பாக்குறேன்" என்றார். கடைசியில் அவளே கட்டினாள். பத்து காவானிலிருந்து வேலைக்குப் போய், மாலையில் கேக் சுட்டு விற்று, மாதம் தவறாமல் கட்டி, போன மாதம் முடித்துவிட்டாள். என்னிடம் ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

அண்ணனின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த ஜுரு பட்டறைத் தோழர்களுக்கும், அவரிடம் வேலை பார்த்து இன்றும் அண்ணியை வந்து பார்த்துப் போகும் பிள்ளைகளுக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கூலி வாங்க மறுத்த கணக்கு பாய்க்கும், மலருக்குப் படம் தேடிக்கொடுத்த மருமகப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் பெயரில் எங்கும் ஒரு பாக்கி இல்லாமல் செய்த சின்னவளுக்கும் நன்றி. அதை எழுதும்போதும் எனக்கு வயிறெரிகிறது.

என் பேரிலும் ஏதாவது ஒரு கடனை வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அண்ணே.