பச்சைப் பெட்டியின் மூன்று குமிழ்கள்

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் காரைக்காலில் எங்கள் சொந்தக்காரர்கள் வீடுகளில் பிரான்சிலிருந்து யாராவது ஒருவர் வந்து இறங்குவார். அதற்கு ஒரு மாதம் முன்பே இங்கிருந்து போனில் பட்டியல் போய்விடும். சென்ட், சோப்பு, சாக்லேட். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் ஒருமுறை, பிரான்சில் இருந்த பெரியப்பா மகன், "ஒனக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது நான் ஓவர்டிரைவ் பெடல் வேண்டும் என்றேன்.

"சென்ட் வேணாமா?"

"சென்ட் போட்டா கிட்டார் நல்லா கேக்குமாண்ணே?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த வயது. எட்டு வருடமாக மாதா கோயில் பாடற்குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் ஜவுளிக்கடையில் பில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் வாசிக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு உயிர். ஆனால் கிட்டார் யார் காதிலும் விழுந்ததில்லை. எங்களிடம் கிட்டாருக்கென்று தனி ஸ்பீக்கர் கிடையாது. பாடுகிறவர்களின் மைக்கோடு அதுவும் ஒரே மிக்ஸரில் போய்ச் சேரும். அங்கே கீபோர்டு அதை விழுங்கிவிடும்.

அண்ணன் கொண்டுவந்தது யாரோ வாசித்துப் பழகிய பழைய பெடல். பச்சை நிறம், கைக்கு அடக்கமான இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு சதுர பேட்டரி. மேலே டிரைவ், டோன், லெவல் என்று மூன்று குமிழ்கள். கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் அமுக்கினால் வாத்தியத்தின் குரல் கொஞ்சம் கரகரப்பாகும். வேலை அவ்வளவுதான். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ வடிவமைத்தது அது. அதற்குப் பிறகு எத்தனையோ புதுப் பெட்டிகள் வந்துவிட்டன, இருந்தும் கிட்டார்காரர்கள் இதையே தேடுகிறார்கள் என்று அண்ணன் சொன்னான். பழசை விற்க யாரோ விட்ட கதை என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் மைக் செட் என்றால் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருகிவிடுவதுதான் வழக்கம். கல்யாண மண்டபமாக இருந்தாலும் சரி, கட்சிக் கூட்டமாக இருந்தாலும் சரி, முழுசாகத் திருகாவிட்டால் வாடகை கொடுத்தவருக்கு மனசு ஆறாது. நானும் அந்த ஊர்க்காரிதானே! ஒத்திகை பார்க்காமல், மூன்று குமிழையும் கடைசிவரை திருகி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டின் நடுவில் பெடலைக் காலால் அமுக்கினேன்.

மாவு மில் ஓடியது போல ஒரு சத்தம். கைக்குழந்தைகள் வீறிட்டு அழுதன. பீடத்தில் இருந்த சாமியார் திரும்பிப் பார்த்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

பூசை முடிந்ததும் பாடற்குழு மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே கிட்டார் வேணாம்மா. கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு, பட்டனத் தட்டுனா வருது. நீ வேணும்னா பாடுறவங்களோட நின்னுக்க."

எனக்குப் பாட வராது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சண்டை போட வாய் வரை வந்ததை முழுங்கிக்கொண்டு, "வியாழக்கிழமை ஒத்திகையில ஒரு தடவ கேளுங்க சார். பிடிக்கலைன்னா நானே நிறுத்திக்கிறேன்" என்றேன். சரி என்றார், அரை மனசாக.

திங்களிலிருந்து கடை விட்டு வந்ததும், வீட்டு டேப்ரிக்கார்டரின் மைக் ஓட்டையில் பெடலைச் சொருகி உட்கார்ந்துவிடுவேன். முதலில் கரகரப்பைக் கூட்டும் டிரைவைப் பாதியாகக் குறைத்தேன். இன்னும் இரைச்சல்தான். எரிச்சலில் அதை ஒரே திருகில் கிட்டத்தட்ட அடியோடு இறக்கி, லெவலை மட்டும் ஏற்றினேன். அப்போதுதான் அந்தப் பெட்டி வாயைத் திறந்தது.

அது சத்தத்தைக் கூட்டுகிற சாமானே இல்லை. அடியில் முழங்குவதையும் மேலே கிறீச்சிடுவதையும் ஒதுக்கிவிட்டு, நடுக்குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிற சாமான். கம்பியை மெல்லத் தொட்டால் சுத்தமாகப் பேசியது. அழுத்தி மீட்டினால், தெருமுனையில் போகிறவரை உரக்கக் கூப்பிடும்போது நம் குரல் கொஞ்சம் கரகரக்குமே, அந்த மாதிரி கரகரத்தது. இரண்டுக்கும் நடுவே எத்தனை நிறங்கள்! குமிழைத் தொடாமல் விரலாலேயே அத்தனையையும் எடுக்க முடிந்தது. இதைக் கண்டுபிடித்தவர் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

வியாழக்கிழமை முதலில் கீபோர்டு வாசிக்கும் தம்பி பட்டனைத் தட்டி, கிட்டார் சத்தத்தில் இடையிசையை வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்து நான். பாடுகிறவர்களுக்குப் பின்னால் மெல்ல வாசித்துப் போனேன். இடையிசை வந்ததும் பெடலை அமுக்கி, கம்பியை இழுத்து வளைத்தேன். அந்தச் சுரம் கீபோர்டையும் தாண்டி, தூண்களையும் தாண்டி, வாசல் வரை தனியாகப் போயிற்று. எட்டு வருடத்தில் முதல் தடவையாக என் வாசிப்பு எனக்கே கேட்டது. கண்ணில் நீர் முட்டியது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் கீபோர்டு தம்பியைப் பார்த்து, "இந்தச் சத்தம் ஒன்கிட்ட எந்தப் பட்டன்ல இருக்கு?" என்று கேட்டார்.

அவன் தேடவே இல்லை. "இதுல இல்ல சார். அது அக்கா கையில இருக்கு" என்றான்.

"ஞாயித்துக்கிழம அஞ்சரைக்கே வந்துடும்மா" என்றார் மாஸ்டர்.

பாதிப் பெருமை காலடியில் கிடந்த பெட்டிக்குச் சேர வேண்டியது என்று அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு அன்றைக்கு முழுசும் வேண்டியிருந்தது.