கண்ணாடி டம்ளரில் ஒரு தக்காளித் தண்டு

அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், பூட்டினோமா என்று சந்தேகம் வந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். அடுப்புக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் இதே கதிதான். புருஷன் போன பிறகு வந்த பழக்கம் என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. சிலருக்கு மூக்கடைப்பு கூடவே இருப்பதுபோல அவளுக்குப் பயம் இருந்தது. அதை வைத்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தாள், தனி ஆளாக நின்று தக்காளியும் போட்டாள்.

அவள் தோட்டம் மேட்டில் இருந்தது. அதற்குக் கீழே தங்கையின் தோட்டம். இரண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே வாய்க்கால். தண்ணீர் அக்காவின் வரிசைகளை நனைத்துவிட்டு, ஓரத்து மடை வழியாகக் கீழே தங்கை வீட்டுச் செடிகளுக்குப் போகும்.

காய் பிடிக்கும் சமயத்தில் ஒரு செடி உச்சி வெயிலில் தலை தொங்கியது. பூட்டக்கா அதைப் பார்த்துவிட்டாள். உடனே ஓடிப்போய்த் தங்கையின் புருஷனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"தாகம்க்கா," என்றார் அவர். "இந்த வெயில்ல எனக்கே நாக்கு வறளுது. செடி என்ன பண்ணும்?"

"இல்ல மாப்ள, செடியப் பாத்தாலே சரியாப் படல."

"போன தடவை இலையில வெள்ளை நோய்னு அலறுனீங்க. கடைசியில என்ன? ரோட்டுப் புழுதி! தண்ணியக் காட்டுங்க, எந்திரிச்சு உக்காரும்."

கூடவே வந்திருந்த தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கே எந்தச் செடி துவண்டாலும் அதற்குத் தாகம் என்று ஒரே பெயர்தான். வாழ்நாள் முழுக்கப் பயந்தே கேலிக்கு ஆளானவள், அன்றைக்கு மட்டும் பயத்தை விழுங்கிக்கொண்டு மடையைத் திறந்தாள். சாயங்காலம் செடி நிமிர்ந்தது. அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் அதே வரிசையில் பக்கத்துச் செடிகளும் துவண்டன. மறுபடியும் தண்ணீர் விட்டாள். அடுத்தடுத்த நாட்களில் சாயங்காலம் ஆகியும் அவை எழவில்லை. இலை பழுக்கவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சைப் பசேலென்று இருந்தபடியே தொங்கின. அவள் குனிந்து வேரடி மண்ணில் விரலை விட்டாள். மண் சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

ஈரத்தில் நிற்கிற செடிக்கு எப்படித் தாகம் வரும்? இதைக் கேட்க இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

நாற்றுப் பண்ணைக்காரருக்கு போன் போட்டாள். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அடித்தண்டுல ஒரு துண்டு நறுக்குங்க. கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி, வெட்டுன முனை மட்டும் முங்குற மாதிரி புடிங்க. ஆட்டக்கூடாது. வெள்ளையா நூல் மாதிரி எறங்குதான்னு பாருங்க."

"எறங்குனா?"

"மொதல்ல பாருங்கம்மா."

சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் டம்ளரை வைத்தாள். வெட்டிய தண்டின் உட்புறம் பழுப்பேறி இருந்தது. தண்டு ஆடாமல் இருக்க முழங்கையை மேடையில் ஊன்றி, அதன் முனையைத் தண்ணீரில் முக்கிப் பிடித்தாள். தண்ணீர் சும்மா இருந்தது. ஒன்றுமில்லை என்று மனம் ஆறத் தொடங்கிய நேரம், தண்டின் நுனியிலிருந்து பால் கசிவதுபோல மெல்லிய இழை ஒன்று கிளம்பி நேராக அடிக்கு இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

"பாக்டீரியா வாடல்," என்றார் பண்ணைக்காரர், அவள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு. "இதுக்கு மருந்து கெடையாது. மண்ணோட தோண்டி எடுத்து எரிச்சிடுங்க. முக்கியமா தண்ணிய நிறுத்துங்க. தண்ணி போற எடமெல்லாம் அது கூடவே போகும்."

அவர் பேசி முடிக்கவில்லை, கிணற்றடியில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அன்றைக்குத் தங்கை வீடு தண்ணீர் பாய்ச்சும் முறை.

செருப்பில்லாமல் ஓடினாள். வாய்க்காலில் தண்ணீர் அவள் வரிசைகளுக்குள் நுழைந்து, செத்துக்கொண்டிருந்த செடிகளின் காலடியைத் தொட்டபடி மடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தாள். மண்வெட்டியால் மண்ணை அள்ளிப்போட்டு மடையை அடைத்தாள்.

தங்கையின் புருஷன் கத்திக்கொண்டே மேலே வந்தார். "என்னக்கா இது? உங்களுது நனைஞ்சாப் போதுமா? எங்களுது காயணுமா?"

"என் செடியில நோய் மாப்ள. தண்ணி வழியா உங்களுக்கு வரும்."

"ஆரம்பிச்சுட்டாங்கய்யா! தண்ணி விடாம இருக்க இது ஒரு சாக்கு."

அவள் சண்டை போடவில்லை. டம்ளரைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி எடுத்து வந்தாள். "மடைக்குப் பக்கத்துல உங்க செடி ஒண்ணைப் புடுங்கிட்டு வாங்க. நான் தொடல. நீங்களே வெட்டுங்க, நீங்களே புடிங்க."

"இது நல்லாத்தானே நிக்குது," என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வெட்டினார். தங்கை அருகில் வந்து நின்றாள். மூன்று பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள்.

இழை இறங்கியது.

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் டம்ளரை அப்படியே பிடித்திருந்தார். "இது... எல்லாத்துலயும் இருக்குமா?"

"கோடியில இருக்கறதைப் பாப்போம்."

தோட்டத்தின் மறுகோடிச் செடியையும் வெட்டினார்கள், கத்தியை பிளீச்சிங் தண்ணீரில் முக்கியெடுத்து, டம்ளரில் புதுத் தண்ணீர் மாற்றிய பிறகு. வெகுநேரம் பிடித்துப் பார்த்தும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அவர் நம்பாமல் பக்கத்துச் செடியில் இன்னொரு முறை பார்த்தார்.

மடையோரத்து வரிசைகளை மண்ணோடு பெயர்த்துச் சாக்கில் கட்டி எரித்தார்கள். கிணற்றிலிருந்து அக்காவின் தோட்டத்தைத் தொடாமல் சுற்றிவர ஒரு குழாய் போட்டார்கள். பூட்டக்கா தன் தோட்டம் முழுவதையும் பிடுங்கினாள். பச்சைக் காய்கள் தொங்கும் செடிகளையும் விடவில்லை. அடுத்து சோளம்தான். இதே நோய் பிடிக்கிற தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் அந்த மண்ணில் இப்போதைக்கு ஆகாது.

கீழ்த்தோட்டத்தில் மிச்சமிருந்த செடிகள் நிமிர்ந்து நின்றன. தங்கையின் புருஷன் அவற்றின் நடுவில் நடந்து, ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

"இதுங்க தப்பிச்சிருமாக்கா?"

"தெரியல மாப்ள. நாளைக்கு வெயில் ஏறட்டும், பாப்போம்."